மைதானத்திற் பயிற்றுவோர் தகைமையும் சட்டமும்

இம்மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியராகிய எம்மிடம் அவர்கள் எதிர்பார்த்தது சங்கச் சான்றோரைப் பற்றியோ நாவலர் பெருமானின் வசனநடையைப் பற்றியோ ஒரு கட்டுரை என்பதை யாம் நன்கு அறிவோம். அத்தகைய கட்டுரைகளை எழுதவல்லோர் எம் கல்லூரியிற் பலர் உளர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ வகுப்பறைக்கு வெளியே மைதானத்திற் கிடப்பது. உரிய பயிற்சி பெறாத ஒருவர் மாணவர்க்குப் பாய்தலும் எறிதலும் நீந்துதலும் தற்காப்புக் கலையும் கற்பிக்கப் புகுந்து, அதனால் ஊறு ஏதும் நேரின், அவரைச் சட்டம் எவ்வாறு நோக்கும் என்பதே அது. இதனை எழுத உமக்கென்ன தகுதி என வினவுவோர் இருப்பர். அவர்க்கு விடையாக எம் பிழை ஒன்றை முதலிற் சொல்லிவிடுகின்றோம்.

2011 ஆம் ஆண்டிலே யாம் ஒரு கிராமப் பாடசாலையில் தமிழ் கற்பித்து வந்தோம். பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்றுச் சில ஆண்டுகளே கழிந்திருந்தன. உடற்கல்வி ஆசிரியர் எவரும் அங்கு இலர். இல்ல மெய்வல்லுநர் போட்டி நெருங்கவே அதிபர் எம்மை அழைத்து, "மாஸ்டர், நீங்கள் இளம் ஆள். உயரம் பாய்தலை நீங்களே பாருங்கோ" என்றார். மறுக்க எமக்கு மனம் வரவில்லை. மறுத்தல் கூடும் என்பதே அக்காலத்தில் எமக்குத் தோன்றியதில்லை. புணர்ச்சி விதியும் யாப்பிலக்கணமும் கற்பிக்கப் பயிற்றப்பட்ட யாம் மறுநாள் மாலையே காற்சட்டையை மடித்துக்கொண்டு மணற்குழியருகே நின்றோம்.

எமக்குத் தெரிந்த உயரம் பாய்தல் தொலைக்காட்சியிற் கண்டதே. முதுகு கீழாகத் தலை முந்தித் தடியைக் கடக்கும் அப்பாணியை, 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலே 2.24 மீற்றர் பாய்ந்த அமெரிக்கர் டிக் பொஸ்பரி உலகறியச் செய்தார். அது தடித்த மெத்தை இடப்பட்ட இடத்துக்கே உரியது என்பதும், மணற்குழியில் இறங்கும் பிள்ளைகளுக்குக் காலால் இறங்கும் கத்தரிப் பாணியே தக்கது என்பதும் உடற்கல்வி கற்றோர் அறிவர். யாம் அறியோம். முதல்நாள் மழையில் மணல் இறுகிக் கிடந்தது. அதனை மண்வெட்டியாற் கொத்தி இளக்கவேண்டும் என்ற எண்ணமும் எமக்கு எழவில்லை. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் யாம் சொல்லியவாறே முதுகு கீழாகப் பாய்ந்தான், தோள் அடிபட விழுந்தான், காறையெலும்பு முறிந்தது. ஒரு சாண் விலகி விழுந்திருப்பின் கழுத்திலே அடி பட்டிருக்கும் என வைத்தியசாலையிற் சொன்னார்கள்.

அன்றிரவு அம்மாணவனுடைய தந்தையாரைக் காண அஞ்சி அஞ்சிச் சென்றோம். அவரோ கமக்காரர், எம்மைக் கதிரையில் இருத்தித் தேநீர் தந்து, "பெடியன் எண்டால் விழுவான், எழும்புவான். நீங்கள் ஏன் மாஸ்டர் கலங்கிறியள்?" என்று ஆறுதல் கூறினார். அவர் எம்மை ஏசியிருந்தால் அத்துணை துன்பம் எமக்கு உண்டாகியிராது. வீட்டுக்கு மீண்டு வரும் வழியெல்லாம் ஒன்றே எம் நெஞ்சை உறுத்தியது. விழுந்தவன் தானாக விழவில்லை. யாம் கற்பித்தபடி விழுந்தான்.

நிற்க. இந்நிகழ்ச்சியைச் சில ஆண்டுகளின் பின் எம் கல்லூரிப் பழைய மாணவராகிய சட்டத்தரணி ஒருவரிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை. "தகப்பன் நல்லவர், நீங்கள் தப்பினீர்கள்" என்று கூறிவிட்டுத் தண்டனைச் சட்டக்கோவையை எடுத்து எம் முன்னே வைத்தார். 1883 ஆம் ஆண்டில் எழுந்த அக்கோவையின் 298 ஆம் பிரிவு, அசட்டுத் துணிவினாலோ கவனயீனத்தினாலோ ஒருவருடைய சாவுக்குக் காரணமாகுபவனுக்கு ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம் என்கின்றது. வீதி விபத்திலே உயிர் போக்கிய சாரதிமீது சாட்டப்படுவதும் இப்பிரிவே. 329 ஆம் பிரிவு அவ்வாறே பாரதூரமான காயம் விளைப்பதைக் கூறுவது. எலும்பு முறிதல் சட்டத்தின் கண்ணிலே பாரதூரமான காயம். இவ்விரு பிரிவுகளும் சாரதிக்கென்று தனியே எழுதப்பட்டவையல்ல. மணற்குழியருகே சீழ்க்கைக் குழலோடு நிற்கும் தமிழாசிரியனும் அவற்றுள் அடங்குவான்.

இது குற்றவியற் பகுதி. நட்டஈடு கோரும் குடியியல் வழக்கோ வேறு வழியாக வருவது. அவ்வழி மிகப் பழையது. எம் தேசவழமை முதுசத்தையும் சீதனத்தையும் காணியையும் பற்றிப் பேசும். இத்தகைய ஊறுகளுக்கு நாம் செல்லவேண்டியது உரோமன் டச்சுச் சட்டத்திடம். ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சட்டமே தொடர்ந்து நடைபெறும் என 1799 செப்தெம்பர் 23 ஆந் திகதிப் பிரகடனத்தால் ஆங்கிலேயர் அறிவித்தனர். கவனயீனத்தால் விளைந்த கேட்டுக்கு ஈடு கேட்கும் உரிமை, அச்சட்டத்தின் வழியே கி.மு. 3 ஆம் நூற்றாண்டின் உரோமாபுரிச் சட்டமாகிய அக்குவீலியச் சட்டத்திலிருந்து எம்மிடம் வந்தது. அச்சட்டத்தை விளக்கிய உரோம நூலோர் கூறிய எடுத்துக்காட்டுக்களைச் சட்டத்தரணி நண்பர் சொல்லக் கேட்டபோது, நூற்பாவுக்கு உரைகாரர் காட்டும் உதாரணங்களைக் கேட்பதுபோலவே எமக்கு இன்பமாயிருந்தது.

கோவேறு கழுதைகளை ஓட்டுவோன் ஒருவன். அவற்றை அடக்கும் திறமை அவனுக்கில்லை. அவை வெருண்டோடி ஒருவனை மிதித்துவிடுகின்றன. திறமையின்மை அவன் குற்றமாகுமா? ஆகும் என்கிறார் கி.பி. 2 ஆம் நூற்றாண்டினராகிய கையஸ் என்னும் நூலோர். கையிலே வலுவில்லாமையால் அடக்கமாட்டாதவனும் குற்றவாளியே. தன் திறமையின்மையோ மெலிவோ பிறர்க்கு ஆபத்தாகும் என அறிந்தும், அறியவேண்டியவனாயிருந்தும், அத்தொழிலை ஏன் ஏற்றுக்கொண்டான் என்பதே சட்டம் கேட்கும் கேள்வி. யாம் மணற்குழியருகே நின்ற நாளுக்கு ஆயிரத்தெண்ணூறு ஆண்டுகளின் முன்னரே எம்மைக் கண்டு எழுதியதுபோல் இருந்தது.

இன்னொன்று ஈட்டி எறிதல். போர்வீரன் ஒருவன் அதற்கென ஒதுக்கப்பட்ட வெளியிலே எறிந்து பழகும்போது குறுக்கே வந்த ஒருவன் இறந்தால் வீரன்மேற் குற்றமில்லை. வேறோர் இடத்தில் எறிந்தானாயின் குற்றம் உண்டு. மூன்றாவது, பந்தாடும் இடத்துக்கு அருகே இருந்து சவரம் செய்த நாவிதனைப் பற்றியது. பந்து வேகமாக வந்து அவன் கையிற் பட, கத்தி ஓர் அடிமையின் கழுத்தை அறுத்துவிட்டது. பந்தடித்தவனா, ஆடுமிடத்திலே கடை வைத்த நாவிதனா, அங்கே போய்க் கழுத்தை நீட்டியவனா பிழை செய்தவர் என நூலோர் பலபடப் பேசியுள்ளனர். ஈட்டி எறியும் மாலைப்பொழுதிலே கீழ்வகுப்புப் பிள்ளைகள் மைதானத்தைக் குறுக்கறுத்து வீட்டுக்குப் போகும் பாடசாலைகளை யாம் கண்டிருக்கின்றோம். அங்கெல்லாம் எம் நினைவுக்கு வருபவன் அந்நாவிதனே.

ஆங்கில நாட்டுத் தீர்ப்புக்கள் எம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா. ஆயினும் அவற்றை எடுத்து நோக்குதல் இங்கு வழக்கம். அவற்றுள் இரண்டு ஆசிரியர்கள் அறியத்தக்கவை. இரண்டும் உடற்பயிற்சி வகுப்பிலே பாய்தற் பீடத்தைத் தாண்டும்போது விழுந்த மாணவரைப் பற்றியவை. 1936 இல் வந்த வழக்கிலே, தாண்டி இறங்கும் மாணவனைத் தாங்க ஆசிரியர் உடனே கைகொடுக்கவில்லை என்பது பிழையாக முடிந்தது. 1952 இல் வந்த வழக்கிலே, இறங்குவோரைத் தாங்குமாறு நிறுத்தப்பட்ட மாணவன் இடைவேளை மணி அடித்ததும் இடத்தை விட்டு ஓடிவிட்டான், தாண்டியவன் விழுந்தான். ஆயினும் அவ்வழக்கிலே பாடசாலைத் தரப்பு வென்றது. மாணவரையே தாங்க நிறுத்துதல் எங்கும் கைக்கொள்ளப்பட்டு வந்த, நல்லதென ஏற்கப்பட்ட முறை என்பதும், அம்முறைப்படியே வகுப்பு நடந்தது என்பதும் நிறுவப்பட்டதே அதற்குக் காரணம்.

இவ்விரண்டாவது தீர்ப்பிலேதான் தகைமையின் பெறுமதி எமக்கு விளங்கிற்று. சட்டம் ஒருவனிடம் சான்றிதழைக் காட்டென்று முதலிற் கேட்பதில்லை. சான்றிதழ் இல்லாதவன் செய்வதெல்லாம் பிழையென்பதும் இல்லை. சான்றிதழ் உடையவன் கவனம் தப்பினால் அக்கடதாசி அவனைக் காக்கப்போவதும் இல்லை. நீ செய்தது அத்துறையினர் ஏற்றுக்கொண்ட முறையா என்றே நீதிபதி கேட்பார். பயின்றவன் ஆம் என்று சொல்லி ஏன் என்றும் சொல்வான். பயிலாதவனுக்கோ அப்படி ஒரு முறை உண்டென்பதே தெரியாது. கூண்டிலே நின்று யாம் என்ன சொல்லியிருப்போம்? தொலைக்காட்சியிற் பார்த்தோம் என்றா? பழக்கம் போதாது என்பதும் விடையாகாது. வாகனம் ஓட்டப் பழகுவோரும் தேர்ந்த சாரதிக்குரிய கவனத்தையே காட்டவேண்டும் என 1971 இல் ஆங்கில மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறிவிட்டது.

அதிபர் சொன்னார், யாம் செய்தோம் என்று தப்பலாமா? இங்கேதான் பொறுப்பு மேல்நோக்கிச் செல்கின்றது. ஆனால் கீழே நிற்பவனை விட்டுவிட்டுச் செல்வதில்லை. 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் அரச ஊழியர் செய்த தீங்குக்காக அரசின்மீதும் வழக்கிட இடந்தருகின்றது. அதனால் ஆசிரியருடைய சொந்தப் பொறுப்பு அழிந்துபோவதில்லை. குற்றவியல் வழக்காயின் அவரவர் செய்கைக்கு அவரவரே விடை கூறவேண்டும்.

மேலே இருப்போர் எவ்வளவு தூரம் பொறுப்பாளர் என்பதை அறிய விரும்புவோர் 1993 மார்ச் 22 இல் இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லைம் குடாவில் நடந்ததை அறிதல் வேண்டும். பிளிமத் நகரத்துப் பாடசாலை ஒன்றின் மாணவர் எண்மர், தம் ஆசிரியர் ஒருவரோடும் பயிற்றுநர் இருவரோடும், துடுப்பால் வலிக்கும் சிறு தோணிகளிலே லைம் றீஜிஸ் என்னும் ஊரிலிருந்து சார்மத் என்னும் அயலூருக்குப் புறப்பட்டனர். தூரம் ஏறக்குறைய மூன்று கிலோமீற்றர். பயிற்றுநர் இருவரிடமும் இருந்தது அக்கலையின் தொடக்கநிலைச் சான்றிதழ் மட்டுமே. திறந்த கடலிலே பிறரை அழைத்துச் செல்வதற்கு அது போதாது. ஆசிரியருடைய தோணி கவிழ, ஒரு பயிற்றுநர் அவரோடு தங்கிவிட்டார். மாணவர் எண்மரும் மற்றவரும் காற்றினாலும் நீரோட்டத்தினாலும் வெளிக்கடலுக்கு இழுக்கப்பட்டனர். ஆபத்தை அறிவிக்கும் ஒளிவாணங்கள் அவர்களிடம் இல்லை. கரையில் இருந்தோர் கடலோரக் காவலர்க்கு அறிவிப்பதற்குள் பல மணிநேரம் கழிந்துவிட்டது. குளிர்நீரிற் கிடந்து மாணவர் நால்வர் இறந்தனர்.

அந்நிலையத்தில் முன்பு பணியாற்றிய பயிற்றுநர் இருவர், அங்கே பாதுகாப்புப் போதாதென எழுத்திலே எச்சரித்துவிட்டே முந்திய ஆண்டு விலகியிருந்தனர். அக்கடிதம் வழக்கிலே வெளிவந்தது. 1994 இல் நிலையத்தை நடத்திய நிறுவனத்தின் முகாமைப் பணிப்பாளர் உயிர்க்கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். நிறுவனமும் அதே குற்றத்துக்காக 60,000 பவுண் குற்றப்பணம் செலுத்தவேண்டியதாயிற்று. ஒரு நிறுவனம் இக்குற்றத்துக்கு ஆளானது ஆங்கில நாட்டு வரலாற்றிலே அதுவே முதன்முறை. அடுத்த ஆண்டிலேயே இத்தகைய நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும் எனப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. கடலிலே துடுப்பு வலித்தவர் அப்பணிப்பாளர் அல்லர். போதிய தகைமை இல்லாதாரை அனுப்பியவர் அவர். எம் அதிபர்களும், பயிற்றுநரைத் தேடித்தரும் எம் சங்கத்தாரும் ஆறுதலாக இருந்து சிந்திக்கவேண்டிய இடம் இது.

வெளியாரிடம் ஒப்படைத்துவிட்டால் பாடசாலைக்குப் பொறுப்பில்லை என எண்ணுவோரும் உளர். எசெக்ஸ் மாவட்டத்திலே 2000 ஆம் ஆண்டில் பாடசாலை நேரத்து நீச்சல் வகுப்பொன்றிலே பத்து வயதுச் சிறுமி ஒருத்தி மூளை பாதிப்புற்றாள். வகுப்பை நடத்தியவர் ஒப்பந்தக்காரர். பாடசாலையின் கவனக் கடமை பிறர் தலையிற் சுமத்திவிடக் கூடியதன்று என 2013 இல் ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழகத்திலும், கோயம்புத்தூருக்கு அண்மையிலுள்ள ஒரு கல்லூரியிலே 2018 யூலையில் அனர்த்தப் பயிற்சி அளிக்க வந்த ஒருவர் இரண்டாம் மாடியிலிருந்து கீழே பிடித்த வலைக்குள் குதிக்குமாறு ஒரு மாணவியைத் தள்ள, அவள் இடையிலிருந்த சுவர் நீட்சியில் மோதி உயிரிழந்தாள். அவர் தம்மால் அங்கீகரிக்கப்பட்ட பயிற்றுநர் அல்லர் என இந்தியாவின் தேசிய அனர்த்த முகாமை அதிகாரசபை அறிவித்தது. அவர் கைதுசெய்யப்பட்டார். குதிக்கமாட்டேன் என அப்பிள்ளை தயங்கி நின்ற காட்சியைப் படக்கருவியிற் பதிந்தபடி உலகம் கண்டது. அவர் யார், எங்கே பயின்றார் என முன்னரே விசாரித்திருந்தால் அப்பிள்ளை இன்று உயிரோடிருப்பாள்.

பெற்றோரிடம் கையொப்பம் வாங்கிவிட்டோமே என்பார் சிலர். விளையாட்டென்றால் அடிபடும் என்பதற்குத்தான் பெற்றோர் கையொப்பம் இடுகின்றனர். கற்பிப்பவருக்கு அது தெரியாது என்பதற்கு எந்தத் தாய் கையொப்பம் இடுவாள்? அன்றியும் 298 ஆம் பிரிவின் கீழ் வழக்குத் தொடுப்பது அரசு. தாய் தந்தையர் மன்னித்தாலும் அவ்வழக்கு அவர்களுடைய மன்னிப்போடு முடிந்துவிடுவதில்லை. எம்மை மன்னித்த கமக்காரரை நினைக்கும்போதெல்லாம் இதுவும் நினைவுக்கு வருகின்றது.

இவ்வாறெல்லாம் அச்சுறுத்தினால் மைதானம் வெறிச்சோடிவிடும், பிள்ளைகள் கைத்தொலைபேசியோடு மூலையில் முடங்குவர் என்று எம் நண்பர்கள் கூறும் தடையை யாம் இலகுவாகத் தள்ளிவிடமாட்டோம். அது உண்மையான அச்சம். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பாடசாலையிலே தமிழாசிரியரும் கணித ஆசிரியரும் முன்வந்திராவிட்டால் பல பிள்ளைகள் ஓடியே பார்த்திருக்கமாட்டார்கள். ஆதலின் எல்லாவற்றையும் நிறுத்துக என்பது எம் கருத்தன்று. ஓட்டப்பந்தயத்துக்கு வரிசை நிறுத்துதலும் கிளித்தட்டு ஆடவிட்டுப் பார்த்திருத்தலும் வேறு. தலைகீழாகப் பாயவும் ஈட்டி எறியவும் ஆழநீரில் இறங்கவும் ஒருவனை ஒருவன் தூக்கி வீழ்த்தவும் கற்பித்தல் வேறு. முன்னவற்றுக்குக் கண்ணும் பொறுப்பும் போதும். பின்னவற்றை அவற்றைக் கற்றவரே கற்பித்தல் வேண்டும். எம் முன்னோர் சிலம்பம் பழக்கியபோதும் குருவின் அனுமதியின்றிச் சீடன் தனக்கென ஒரு களரி தொடங்குவதை ஏற்றுக்கொண்டதில்லை. நன்னூலாரும் பொதுப்பாயிரத்திலே ஆசிரியர் ஆவார் யார் என்பதோடு அமையாது, ஆகார் யார் என்பதையும் வகுத்தோதியுள்ளார். அந்நூலை மாணவர்க்குப் பலமுறை கற்பித்த யாமே மணற்குழியருகே அதனை மறந்துபோனோம்.

இனிப் பழைய மாணவர்க்கு ஒரு சொல். விழா ஆண்டிலே உள்ளூரிலும் கடல்கடந்தும் வாழும் எம் பழைய மாணவர்கள் கல்லூரிக்கு வாரி வழங்குவர். உடற்பயிற்சிக் கூடம், பந்தெறியும் வலைக்கூண்டு, புதிய கருவிகள் எனப் பெயர்க்கல் பதிக்கக்கூடிய பொருள்களே பெரிதும் வந்துசேரும். அவற்றைக் கையாளக் கற்பிப்பவருடைய பயிற்சிக்குப் பணம் தருவோர் அரியர். பயிற்சிக்குப் பெயர்க்கல் பதிக்க இடமில்லை அல்லவா? கருவி மட்டும் வந்து கற்றவர் வராவிடின், அதிபர் மீண்டும் ஓர் இளம் ஆசிரியரை அழைத்து நீங்களே பாருங்கோ என்று சொல்லவேண்டிவரும். அன்புமிகுதியால் மாலைவேளையில் வந்து, தாம் அந்நாளில் ஆடிய ஆட்டத்தைத் தம்பிமார்க்குப் பழக்கும் அண்ணன்மார்க்கும் இதுவே எம் விண்ணப்பம். கல்லூரிக்காக ஆடி வெற்றிக்கேடயம் பெற்றமை ஆடத் தெரியும் என்பதற்குச் சான்று. பிறரை ஊறின்றி ஆடப் பழக்குதற்குரிய பயிற்சி வேறாக உண்டு. அதனைப் பெற்றபின் வருக. சங்கம் அதற்கான செலவை ஏற்கட்டும்.

இவ்வாண்டு நீச்சற் பயிற்சிக்குச் செல்லும் மாணவர்க்குப் பொறுப்பாசிரியராக எம்மை நியமிக்க எண்ணினர். நீந்தத் தெரிந்தவரே யாம். கீரிமலைக் கேணியிற் பழகியவர். ஆயினும் மூழ்குவோரை மீட்கவும் முதலுதவி செய்யவும் யாம் பயின்றதில்லை எனவும், பேருந்திலே கூடச் சென்று வரவும் உடைகளைக் காவல் காக்கவும் ஆயத்தமாயிருக்கின்றோம், நீரருகே பயிற்றுநராக நிற்க ஆயத்தமாயில்லை எனவும் கடிதம் எழுதிக் கொடுத்தோம். அதிபர் அதனை இருமுறை வாசித்தார், கோபிக்கவில்லை. கோவையிலே இட்டுவிட்டு, "அப்ப யாரை அனுப்புறது, மாஸ்டர்?" என்று கேட்டார். பயிற்சி பெற்ற ஒருவர் கிடைக்கும்வரை அவ்வகுப்புத் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. மாணவர் பதினெண்மர் பெயர் கொடுத்துக் காத்திருக்கின்றனர்.